‘வரவில்லை’ சொல்லித்தரும் ஆங்கில இலக்கணம்

நான் மாலையில் ஆங்கிலம் சொல்லித்தரும் சிறு வகுப்புக்குத் தையல் கடை நடத்தும் ஓர் அம்மா வருகிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒருநாள் வகுப்புக்கு வர முடியாமல் போனதற்கு மறுநாள் நோட்டில் காரணம் எழுதிக் காட்டினார். முதல் வரியே ‘ஐ டிட் நாட் கேம் எஸ்டர்டே’ என்று இருந்தது. ‘கேம்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘கம்’ என்று எழுதினேன். அவர் விடவில்லை. “நேற்று நடந்ததுதானே சார்? நடந்து முடிந்ததற்குக் ‘கேம்’ என்று நீங்கள்தானே பலகையில் எழுதிப் போட்டீர்கள்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ‘டிட்’ வந்தால் வினைச்சொல்லின் முதல் வடிவம்தான் வரவேண்டும் என்று விதியைச் சொல்லி முடித்திருக்கலாம். எனக்கும் பள்ளியில் அப்படித்தான் சொன்னார்கள். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன். “நேற்று வரவில்லை என்கிறோம். ‘வந்தவில்லை’ என்று ஏன் சொல்வதில்லை?” அவர் இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “ஆமாம், ‘இல்லை’ வந்ததும் ‘வந்த’ போய்விடுகிறது. வெறும் ‘வர’தான் நிற்கிறது” என்றார். அதற்குப் பிறகு அந்தத் தவற்றை அவர் செய்து நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தமிழ் பேசும் ஒருவருக்கு ஆங்கில இலக்கணத்தைத் தமிழ் இலக்கணத்திலிருந்துதான் தொடங்கிச் சொல்லித்தர வேண்டும். கற்பவர் எதுவும் அறியாதவர் அல்லர். காலம், இடம், எண், வேற்றுமை எல்லாவற்றையும் மூன்று வயதிலிருந்து பிழையில்லாமல் கையாளுகிறவர். அவர் ஆங்கிலத்தில் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, தமிழில் சரியாக இருக்கும் ஒன்றை ஆங்கிலத்துக்குள் அப்படியே எடுத்துச் செல்வதால் வருபவை.

நம் இலக்கணப் புத்தகங்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. நவுன், ப்ரோநவுன், வெர்ப், அட்ஜெக்டிவ் என்று எட்டு வகைச் சொற்களில் தொடங்குகின்றன. கிரேக்க, லத்தீன் இலக்கணக்காரர்கள் தங்கள் மொழிகளுக்குச் செய்துகொண்ட பகுப்பு இது. 1762இல் ராபர்ட் லௌத்தும் 1795இல் லிண்ட்லி மரேயும் ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுதியபோது, லத்தீன் படித்த கண்ணோடுதான் ஆங்கிலத்தைப் பார்த்தார்கள். அவர்களுடைய மாணவர்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். பெயர், வினை, இடை, உரி என்று நான்கே வகையில் சொற்களை அடக்கிய மொழியிலிருந்து வருகிறவருக்கு அந்த எட்டும் எட்டுப் பெயர்ப்பலகைகளாக மட்டுமே தெரியும். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரியார்களுக்குத் தமிழ் சொல்லித்தரக் கொடுந்தமிழ் (பேச்சுத்தமிழ்) இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். கற்பவருக்கு ஏற்கெனவே கைவந்த மொழி எதுவோ அதில் நின்றுகொண்டு புதிய மொழியைக் காட்டினார். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை அப்படிக் காட்டுகிறவர்கள் இன்றும் குறைவு.

எங்கே தொடங்குவது? சொல் நிற்கும் இடத்தில். ‘கண்ணன் ராமுவை அழைத்தான்’ என்று சொல்லலாம். ‘ராமுவைக் கண்ணன் அழைத்தான்’ என்றாலும் பொருள் மாறாது. ‘அழைத்தான் கண்ணன் ராமுவை’ என்று பாட்டிலே வந்தாலும் அழைத்தவன் யார் என்பதில் குழப்பமில்லை. ராமுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டாம் வேற்றுமை உருபு அவன் எங்கே போனாலும் அவனோடு போகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஓர் ஒட்டு இல்லை. ‘கண்ணன் கால்ட் ராமு’ என்றால் அழைத்தவன் கண்ணன். பெயர்களை இடம் மாற்றி ‘ராமு கால்ட் கண்ணன்’ என்றால் அழைத்தவன் ராமு. வினைக்கு முன்னால் நிற்பவர் செய்கிறவர், பின்னால் நிற்பவர் செயலுக்கு ஆளாகிறவர். நாம் உருபால் செய்யும் வேலையை ஆங்கிலம் இடத்தால் செய்கிறது. நாம் வினையைக் கடைசியில் வைப்பதும் அவர்கள் நடுவில் வைப்பதும் வெறும் பழக்க வேறுபாடு அல்ல. நடுவில் வினை நின்றால்தான் இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்பது தெளிவாகும்.

ஆங்கிலம் தொடக்கத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை என்பதை மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வியப்பைப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் வேற்றுமை விகுதிகள் இருந்தன. அரசன் ஒன்றைச் செய்தால் பெயருக்கு முன் ‘செ’ என்ற சுட்டு வரும். அரசனை யாராவது ஏதாவது செய்தால் அதே இடத்தில் ‘தொனெ’ வரும். அதனால் சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட அன்று இடமிருந்தது. சொல்லின் முதல் அசையை அழுத்திச் சொல்லும் பழக்கத்தால் கடைசி அசைகள் மெல்ல மங்கின. வடக்கிலிருந்து வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர்களோடு கலந்து பேசியதிலும் விகுதிகள் தேய்ந்தன. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பல தலைமுறைகளுக்கு அரசவையின் மொழி பிரெஞ்சாக இருந்தது. எழுத்தில் காப்பார் குறைந்த ஆங்கிலத்தில் இந்தத் தேய்மானம் வேகமாகத் தெரிந்தது. விகுதி போன இடத்தை நிரப்பச் சொற்களின் வரிசை இறுகியது. பழைய வேற்றுமையின் மிச்சம் பெரும்பாலும் பெயருக்குப் பதிலாக வரும் மாற்றுப்பெயர்களில்தான் பிழைத்திருக்கிறது. ‘ஹி’ என்பது ‘அவன்’, ‘ஹிம்’ என்பது ‘அவனை’. ‘தே’ என்பது ‘அவர்கள்’, ‘தெம்’ என்பது ‘அவர்களை’. ‘ஹிம் கேம்’ என்று எழுதும் பிள்ளைக்கு ‘அவனை வந்தான் என்று சொல்வாயா?’ என்ற ஒரு கேள்வி போதும்.

வினையிலும் இதே கதைதான். ‘நடந்தேன்’ என்ற ஒரே சொல்லில் செயல் இருக்கிறது, காலம் இருக்கிறது, செய்தவர் நான் என்பதும் இருக்கிறது. அதனால் ‘நான்’ இல்லாமலே தமிழ் வாக்கியம் நிற்கும். ஆங்கில ‘வாக்ட்’ செயலையும் காலத்தையும் மட்டும் சொல்லும். நடந்தது நானா நீயா அவர்களா என்பது அதில் இல்லை. எனவே ‘ஐ’ அல்லது ‘யூ’ அல்லது ‘தே’ முன்னால் வந்தே ஆகவேண்டும். எழுவாயை விட்டுவிட்டு ‘வென்ட் டு மார்க்கெட்’ என்று எழுதுகிறவர் சோம்பலால் எழுதுவதில்லை. ‘சந்தைக்குப் போனேன்’ என்ற முழுமையான தமிழ் வாக்கியத்தை எழுதுகிறார்.

இந்தக் கட்டாயம் எவ்வளவு கடுமையானது என்றால், செய்கிறவர் யாருமே இல்லாதபோதும் ஆங்கிலம் முன்னிடத்தைக் காலியாக விடாது. ‘மழை பெய்கிறது’ என்பதில் மழையே எழுவாய். ஆங்கிலத்தில் ‘இட் இஸ் ரெய்னிங்’. இந்த ‘இட்’ எதையும் குறிக்கவில்லை. ‘மணி ஐந்து’ என்ற இரண்டு சொல் வாக்கியம் ‘இட் இஸ் ஃபைவ்’ என்று ஆகும்போது ‘இட்’ ஓர் இடத்தை நிரப்புகிறது, ‘இஸ்’ இன்னோர் இடத்தை நிரப்புகிறது. ‘அவர் ஆசிரியர்’ என்று வினையே இல்லாமல் நாம் சொல்லும் வாக்கியத்திலும் ‘ஹி இஸ் எ டீச்சர்’ என்று ‘இஸ்’ வந்தாக வேண்டும். எழுவாயும் வினையும் இல்லாத வாக்கியத்தை ஆங்கிலம் ஏற்பதில்லை. கட்டளை வாக்கியம் ஒன்றுதான் பெரிய விலக்கு. ‘கம்’, ‘சிட்’ என்பவற்றில் எதிரே இருப்பவர் யார் என்பது வெளிப்படை.

ஆங்கில வினையிலும் ஒரு காலத்தில் ‘நான்’, ‘நீ’, ‘அவன்’ என்று ஆளுக்கொரு விகுதி இருந்தது. இன்று நிகழ்காலத்தில் அவன், அவள், அது ஆகியவற்றுக்கு வரும் ‘ஸ்’ மட்டும் எஞ்சியிருக்கிறது. ‘ஐ கோ, யூ கோ, வீ கோ, தே கோ’, ஆனால் ‘ஷி கோஸ்’. ‘போகிறாள்’ என்பதில் உள்ள ‘ஆள்’ விகுதியின் உறவுக்காரன் இந்த ‘ஸ்’ என்று சொன்னால், ஏன் என்றே தெரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அது பிடிபடுகிறது.

‘யூ’ ஒருவரையே குறித்தாலும் ஏன் ‘யூ ஆர்’, ஏன் ‘யூ இஸ்’ இல்லை என்று கேட்பவர்களுக்கும் தமிழிலேயே விடை இருக்கிறது. முன்பு ஆங்கிலத்தில் ஒருவரை ‘தௌ’ என்றும் பலரை ‘யீ’, ‘யூ’ என்றும் அழைத்தார்கள். மரியாதைக்காக ஒருவரையும் பன்மையில் அழைக்கத் தொடங்கினார்கள். நாம் ஒருவரை ‘நீங்கள் வாருங்கள்’ என்று அழைப்பது போலத்தான். பிறகு பொதுவழக்கில் ‘நீ’ மறைந்து ‘நீங்கள்’ மட்டும் நின்றுவிட்டது. ‘யூ ஆர்’ என்பது ‘நீங்கள் இருக்கிறீர்கள்’. பன்மைதான் அதன் இயல்பு.

இப்போது தையல் கடை அம்மாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். ‘டூ, டஸ், டிட்’ என்ற மூன்றும் தொடக்கக்காரர்களைப் படுத்தும் அளவுக்கு வேறெதுவும் படுத்துவதில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில்கூட ‘அவர்கள் அறியார்கள்’ என்பதற்கு ‘தே நோ நாட்’ என்றுதான் இருக்கிறது. வினைக்குப் பின்னால் ‘நாட்’ சேர்த்தால் அன்று போதும். 1500க்கும் 1700க்கும் இடையில் ‘டூ’ மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து, எதிர்மறைக்கும் கேள்விக்கும் கட்டாயமாகிவிட்டது. அது வந்த பிறகு காலத்தையும் ‘ஸ்’ விகுதியையும் தானே வாங்கிக்கொள்கிறது. முதன்மை வினை வெறுங்கையோடு நிற்கிறது. ‘ஷி கோஸ்’ எதிர்மறையாகும்போது ‘ஷி டஸ் நாட் கோ’. ‘ஹி கேம்’ கேள்வியாகும்போது ‘டிட் ஹி கம்?’ ஒரு சுமையை இரண்டு தலையில் ஏற்றுவதில்லை.

தமிழில் ‘வந்தேன், வந்தாய், வந்தான்’ என்று மாறும் வினை, எதிர்மறையில் ‘நான் வரவில்லை, நீ வரவில்லை, அவன் வரவில்லை’ என்று எல்லாருக்கும் ஒன்றாகிவிடுகிறது. காலமும் போகிறது, ஆளும் போகிறது, ‘வர’ மட்டும் மிஞ்சுகிறது. ஆங்கில ‘டிட் நாட்’டுக்குப் பின்னால் வரும் ‘கம்’ இந்த ‘வர’தான். ஒரு வேறுபாடு உண்டு. நம் ‘இல்லை’ காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. அவர்களுடைய ‘டிட்’ காட்டும். கேள்வியில் வேறுபாடு இன்னும் பெரிது. நாம் ‘ஆ’ என்ற ஓரெழுத்தை வேண்டிய சொல்லில் ஒட்டிவிடுகிறோம். ‘நீ நேற்று வந்தாயா?’, ‘நீ நேற்றா வந்தாய்?’, ‘நீயா நேற்று வந்தாய்?’ மூன்றும் மூன்று கேள்விகள். ஆங்கிலத்தில் ஒட்டு கிடையாது. துணைவினையை எழுவாய்க்கு முன்னால் தூக்கி வைக்க வேண்டும். ‘ஷி இஸ்’ என்பது ‘இஸ் ஷி?’ ஆகிறது. தூக்கி வைக்கத் துணைவினையே இல்லாத வாக்கியத்துக்கு ‘டூ’ வந்து உதவுகிறது.

ஆங்கில இலக்கணத்தில் நான் மிகவும் விரும்பிச் சொல்லித்தருவது ‘எ’, ‘த’ என்ற இரண்டு சிறு சொற்களை. தமிழில் இவற்றுக்கு ஈடு இல்லை என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். பாட்டி கதையின் முதல் இரண்டு வரியைக் கேளுங்கள். ‘ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு மூன்று மகள்கள்.’ முதல்முறை வரும்போது ‘ஒரு ராஜா’. கேட்பவருக்கு அறிமுகமான பிறகு ‘அந்த ராஜா’. இதைத்தான் ‘எ கிங்’, ‘த கிங்’ என்று ஆங்கிலம் சொல்கிறது. சொற்பிறப்பும் இதையே காட்டுகிறது. ‘எ’, ‘அன்’ இரண்டும் ‘ஒன்று’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து தேய்ந்தவை. ‘த’ பழைய சுட்டுச்சொல்லிலிருந்து வந்தது. பாட்டி சொன்ன ‘ஒரு’வும் ‘அந்த’வும்தான்.

‘எ’ எப்போது ‘அன்’ ஆகும் என்பதற்கும் நம்மிடம் விதி இருக்கிறது. உயிரெழுத்துக்கு முன் ‘ஓர் ஆண்டு’, மெய்யெழுத்துக்கு முன் ‘ஒரு மனிதன்’ என்று எழுதச் சொல்லித்தருகிறோம் அல்லவா? அதேதான். காதில் விழும் ஒலியைப் பார்க்க வேண்டும், எழுத்தை அல்ல. மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ எழுத்தில் ‘எச்’சில் தொடங்கினாலும் ‘அன் அவர்’ என்பதும், ‘யு’ என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் ‘எ யுனிவர்சிட்டி’ என்பதும் அதனால்தான். இந்த ‘ன்’ எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்று ஆங்கிலேயர்களே குழம்பியிருக்கிறார்கள். சமையலறையில் கட்டிக்கொள்ளும் ‘ஏப்ரன்’ முதலில் ‘நேப்ரன்’. ‘எ நேப்ரன்’ என்பதை ‘அன் ஏப்ரன்’ என்று பிரித்துக் கேட்டு அப்படியே நிலைத்துவிட்டது. கிரிக்கெட் ‘அம்பய’ரும் இப்படி முதலெழுத்தை இழந்தவர்தான்.

‘அந்த’ என்று வாயால் சொல்லாத இடங்களிலும் நாம் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறோம். ‘கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘கடைக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நீங்களும் நானும் அறிந்த அந்தப் புத்தகம். முதலாவது ‘எ புக்’, இரண்டாவது ‘த புக்’. தமிழ்ப் பிள்ளை இதை ஐந்து வயதில் பிசகாமல் பேசுகிறது. அந்தப் பிள்ளையிடம் போய், ‘உன் மொழியில் இது கிடையாது, நீ மனப்பாடம் செய்’ என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சூரியன், நிலா போல ஒன்றே ஒன்றாக இருப்பவற்றுக்கு நாம் ‘அந்த’ போடுவதில்லை, அவர்கள் ‘த’ போடுவார்கள். ஊர்ப்பெயருக்கும் ஆட்பெயருக்கும் பொதுவாக எதுவும் வேண்டாம். இவை பழகப் பழக வந்துவிடும்.

எண்ணிக்கையில் ஒரு சிறு எச்சரிக்கை போதும். ‘பத்து மாடு’, ‘இரண்டு கிலோ’, ‘ஐம்பது ரூபாய்’ என்று நாம் ‘கள்’ இல்லாமல் சொல்வோம். எண்ணே பன்மையைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் எண் இருந்தாலும் பன்மை விகுதி வேண்டும். மறுபுறம் ‘ஃபர்னிச்சர்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’ ஆகியவற்றைத் தண்ணீர்போல எண்ண முடியாதவையாக அந்த மொழி வைத்திருக்கிறது. அவற்றோடு ‘ஸ்’ சேராது.

காலம் பெரிய பகுதி. ‘செய்கிறேன்’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். ‘பள்ளியில் வேலை செய்கிறேன்’ என்பது எப்போதும் உள்ள நிலை. ‘இரு, வேலை செய்கிறேன்’ என்பது இந்த நிமிடம் நடப்பது. ஆங்கிலம் முதலாவதற்கு ‘ஐ வர்க்’ என்றும் இரண்டாவதற்கு ‘ஐ ஆம் வர்க்கிங்’ என்றும் பிரித்து வைத்திருக்கிறது. பழக்கத்தைச் சொல்லும்போது நமக்கு இன்னொரு வழியும் உண்டு. ‘தினமும் காலையில் நடப்பேன்’ என்று எதிர்கால வடிவத்தில் சொல்வோம். அதை அப்படியே ‘ஐ வில் வாக் டெய்லி’ என்று எழுதினால், இனிமேல்தான் நடக்கப் போகிறேன் என்று படிப்பவர் நினைப்பார். ‘ஐ வாக் டெய்லி’ போதும்.

‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் வான்டிங்’ என்று எழுதுவது நம் நாட்டு ஆங்கிலத்தின் அடையாளம் என்றே சொல்லப்படுகிறது. அறிதல், விரும்புதல், வேண்டுதல் போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகளோடு ‘இங்’ சேராது என்பது புத்தக விதி. பட்டியலைப் படித்து மனத்தில் இருத்துவதற்கு முன், தமிழில் அவற்றை எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள். எனக்குத் தெரியும். எனக்குப் பிடிக்கும். எனக்கு வேண்டும். மூன்றிலும் ‘உம்’ வருகிறது, ‘கொண்டிருக்கிறேன்’ வருவதில்லை. ‘எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். இவை ஓடிக்கொண்டிருக்கும் செயல்கள் அல்ல என்பதைத் தமிழும் உணர்ந்து தனியாக வைத்திருக்கிறது. எல்லா வினைகளுக்கும் இது பொருந்தாது என்றாலும், அன்றாடம் தவறு நேரும் இந்த மூன்று சொற்களுக்கும் இதைவிட நல்ல நினைவுக்குறி எனக்குக் கிடைக்கவில்லை. எழுவாயை மட்டும் கவனிக்க வேண்டும். நாம் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்வதை அவர்கள் ‘ஐ நோ’, ‘ஐ லைக்’, ‘ஐ வான்ட்’ என்று எழுவாயாகவே சொல்வார்கள். ‘எனக்கு இரண்டு பிள்ளைகள்’ என்பதும் ‘ஐ ஹேவ் டூ சில்ட்ரன்’ ஆகும், ‘ஹேவிங்’ அங்கே வராது.

‘வந்திருக்கிறேன்’ என்பதைக் கவனியுங்கள். வந்தது முடிந்துவிட்டது, இருப்பது இப்போது. ‘ஐ ஹேவ் கம்’ என்பதும் இதே கட்டமைப்புதான். ‘ஹேவ்’ நிகழ்காலம், ‘கம்’ முடிந்த செயல். இந்த ஒற்றுமையே ஒரு பிழைக்கும் இடம் கொடுக்கிறது. வீட்டு வாசலில் காலடித் தடத்தைப் பார்த்துவிட்டு ‘நேற்று இரவு யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று நாம் சொல்வோம். தடத்தை வைத்து ஊகிக்கிறோம் என்ற பொருள் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘எஸ்டர்டே’ போல முடிந்துபோன நேரம் ஒன்றைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ வரக்கூடாது. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ தவறு, ‘ஐ சா ஹிம் எஸ்டர்டே’ சரி. முடிந்துபோன நேரம் எதையும் சொல்லாமல் ‘பார்த்திருக்கிறேன்’ என்றால் மட்டும் ‘ஹேவ்’.

இடத்தைக் காட்டும் சொற்களில் தமிழ் அதிகம் உதவாது. நம் ‘இல்’ ஒன்றே ‘இன், ஆன், அட்’ மூன்றின் வேலையையும் செய்கிறது. பஸ்ஸில், காரில், வாசலில் என்று நாம் சொல்வது அங்கே ‘ஆன் த பஸ்’, ‘இன் த கார்’, ‘அட் த டோர்’ என்று மூன்றாகப் பிரிகிறது. ஏறி நடமாட இடமுள்ள பஸ், ரயில், விமானம் ஆகியவற்றுக்கு ‘ஆன்’, உட்கார மட்டும் இடமுள்ள கார், ஆட்டோ ஆகியவற்றுக்கு ‘இன்’ என்று வகுப்பில் சொல்லிவைக்கிறேன். மற்றவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

கடைசியாக ஒன்று. தமிழில் பெயருக்கு உரிய விவரமெல்லாம் முன்னால் வரும். ‘நேற்று நீங்கள் கொடுத்த நீல நிற ரவிக்கை’ என்பதில் ரவிக்கை கடைசியில்தான் தெரிகிறது. ஆங்கிலத்தில் நிறம் போன்ற சிறு விவரம் முன்னால் நிற்கும், நீண்ட விவரம் பின்னால் போகும். சென்ற வாரம் தையல் கடை அம்மா தமிழ் தெரியாத வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்ப வேண்டிய செய்தியை என் முன்னாலேயே எழுதினார். முதலில் தமிழ் வரிசையில் ‘எஸ்டர்டே யூ கேவ் ப்ளூ பிளவுஸ்’ என்று எழுதிவிட்டு நிறுத்தினார். யாரும் சொல்லாமலே அதை அடித்தார். எது முக்கியமோ அதை முன்னால் இழுத்து, ‘அந்த’வுக்காக ஒரு ‘த’ போட்டு, விவரத்தைப் பின்னால் தள்ளினார். ‘த ப்ளூ பிளவுஸ் யூ கேவ் எஸ்டர்டே இஸ் ரெடி.’ அனுப்புவதற்கு முன் ‘இஸ்’ இருக்கிறதா என்று விரலை வைத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.